ஏமாளியின் பணப்பை



நான் ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசப்போவதாகத் துண்டு விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, நாடகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கக்கூடும். அதிலும் அது ஷேக்ஸ்பியர் என்கின்ற ஆங்கில நாடகாசிரியர் எழுதிய "ஒதெல்லோ" என்று தெரிந்தால், இது பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் சங்கதியல்லவா, நமக்கு எப்படி விளங்கும் என்றும் தோன்றலாம். அப்படிப் பயப்பட வேண்டியதே இல்லை. வெனிஸ் பட்டணத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையை ஒரு பட்டாளத்துக்காரன் எப்படி மொட்டையடித்தான் என்பதுதான் நான் இன்று சொல்லப்போகும் சங்கதி. மொட்டையடித்தது மாத்திரமல்லாமல், கணக்குக் கேட்டபோது அவனைக் கத்தியாலும் குத்தி முடித்துவிட்டான். இது விளங்குவதற்குப் பட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. யாராவது ஒரு தரகனிடம் பணம் கொடுத்துவிட்டு நடையாய் நடந்திருந்தால் அதுவே போதும்.

இந்த நாடகம் 1603, 1604-ம் வருஷ வாக்கில் எழுதப்பட்டது. 1604-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி லண்டன் அரண்மனையில் ஆடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. தனிப்புஸ்தகமாக அச்சில் வந்தது 1622-ல். ஆசிரியர் 1616-லேயே இறந்துவிட்டார். கதையும் அவருடைய சொந்தக் கதையல்ல. சிந்தியோ என்ற இத்தாலியர் 1565-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. ஆனால் நான் இன்று பேசவந்த ரோடரிகோ என்கின்ற ஆள் அந்த இத்தாலியக் கதையில் கிடையாது. அதில் கொடிக்கார உத்தியோகஸ்தன்தான் எஜமானன் மனைவி மேல் ஆசைப்பட்டு, அது நடக்காமல் போகவே பழிவாங்கப் புறப்படுகிறான். ஷேக்ஸ்பியரோ அந்த ஆசையை அவனிடமிருந்து பிடுங்கி, கையில் பணமும் தலையில் ஒன்றுமில்லாமலும் இருக்கிற வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, கொடிக்காரனை அந்த ஆசைக்குத் தரகனாக்கிவிட்டார். ஒரு ஆளை இரண்டு ஆளாகப் பிளந்தார் என்றே சொல்லலாம். இந்த ஒரு மாற்றத்தினாலேயே பழைய கதைக்கு இல்லாத ஒரு பலம் நாடகத்துக்கு வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் சர்க்காரின் சேனாதிபதி ஒதெல்லோ, மூர் வகுப்பைச் சேர்ந்த கருப்பு மனிதன், சுத்த வீரன். செனட் சபை அங்கத்தினரான பிரபான்ஷியோ என்கின்ற பெரிய மனிதருடைய மகள் டெஸ்டிமோனா அவனைத் தானாகவே விரும்பி, தகப்பனுக்குத் தெரியாமல் கலியாணம் செய்துகொள்ளுகிறாள். ஒதெல்லோவிடம் கொடிக்கார உத்தியோகம் பார்க்கிறவன் இயாகோ. தனக்கு வரவேண்டிய லெப்டினென்ட் உத்தியோகத்தைக் காஸியோ என்பவனுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஒதெல்லோ மேல் இவனுக்கு ஆத்திரம். சைப்ரஸ் தீவுக்குத் துருக்கியர் படையெடுத்து வருவதாகச் செய்தி வர, எல்லோரும் அங்கே போய்ச் சேருகிறார்கள். அங்கே இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் காஸியோவுக்கும் தொடர்பு இருப்பதாக ஒதெல்லோவை நம்பவைத்து, அவன் கையாலேயே அவளைக் கொல்லவைக்கிறான். கடைசியில் உண்மை தெரிந்து ஒதெல்லோ தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறான். இது பெரிய கதை. இதற்குள்ளே ஓடுகிற சின்னக்கதைதான் ரோடரிகோ கதை. படித்தவர்கள் பெரிய கதைக்கே கண்ணீர் விட்டுவிட்டு, ரோடரிகோவைக் கோமாளி என்று தள்ளிவிடுவது வழக்கம். எனக்கோ அவனைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில் ஒதெல்லோவை ஏமாற்றின அதே வித்தையை இயாகோ முதலில் ஒத்திகை பார்த்தது ரோடரிகோவிடம்தான்.

நாடகம் ஆரம்பிக்கிறபோதே முதல் பேச்சு ரோடரிகோவுடையது. அது என்ன பேச்சு? ஒரு பிராது. என் பணப்பையை உன் பணப்பை போலவே அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தாயே, இந்தக் கலியாண சங்கதி உனக்குத் தெரிந்திருந்தும் என்னிடம் சொல்லவில்லையே என்று இயாகோவைக் கேட்கிறான். ஆகவே திரை தூக்குகிறதற்கு முன்பிருந்தே வசூல் நடந்துகொண்டிருக்கிறது என்று ஆகிறது. கேள்வியும் நியாயமான கேள்வி. இதற்கு இயாகோ பதில் சொல்லுகிறானா? கனவில்கூடத் தெரியாது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறான். தனக்கு உத்தியோகம் கிடைக்காமல் போன கதையை எடுத்துக்கொண்டு, தானும் ஒதெல்லோவின் விரோதியே என்று ஒரு பாட்டம் பேசுகிறான். ரோடரிகோவும் தன் கேள்வியை மறந்துவிட்டு அவனுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்து விடுகிறான்!

இதைவிட ஆச்சரியம், அந்தப் பேச்சிலேயே இயாகோ தன் யோக்கியதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான் என்பது. எஜமானனுக்கு வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டு தன் பையை நிரப்பிக்கொள்ளுகிறவனே புத்திசாலி என்றும், தான் அந்த ரகத்தைச் சேர்ந்தவன் என்றும், வெளியில் காண்கிற ஆள் தானல்ல என்றும் சொல்லுகிறான். தன் எஜமானனையே இப்படி ஏய்க்கிறவன், எனக்கு வேலை செய்வதாகச் சொல்லுகிறானே, என்னை என்ன செய்வான் என்று ரோடரிகோ ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நாடகம் அத்தோடு முடிந்திருக்கும். அவன் யோசிக்கவில்லை. அயோக்கியன் தன் பக்கத்து அயோக்கியன் என்றால் அதை ஒரு சௌகரியமாகவே நினைத்துக்கொள்ளுகிறவர்கள் உலகத்தில் அநேகர் உண்டு. அவர்களில் இவன் ஒருவன்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து நடுராத்திரியில் பிரபான்ஷியோ வீட்டு வாசலில் நின்று கூச்சல் போடுகிறார்கள். கிழவர் ஜன்னலுக்கு வந்து யாரென்று கேட்கிறபோது, ரோடரிகோ தன் பெயரைச் சொல்லுகிறான். இயாகோ சொல்லவில்லை; இருட்டில் நின்றுகொண்டு ஆபாசமாகக் கத்துகிறான். கிழவர் கீழே இறங்கி வருவதற்குள், தான் இங்கே இருப்பது சரியல்ல என்று நழுவி ஒதெல்லோ பக்கத்தில் போய் நல்ல பிள்ளை போல் நின்றுகொள்ளுகிறான். பெயர் ஒருவனுடையது, காரியம் இன்னொருவனுடையது. பிறகு தெருவில் இரண்டு கூட்டமும் கத்தியை உருவுகிறபோது, இயாகோ ஓடிப்போய் ரோடரிகோவைத்தான் எதிரியாகப் பிடித்துக்கொள்ளுகிறான். வெளியில் பார்ப்பதற்கு சண்டை, உள்ளுக்குள் ஏற்பாடு. காயம் படாத சண்டை எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பின்பு செனட் சபையில் விசாரணை நடக்கிறது. என் மகள் கருப்பனை விரும்பியிருக்க முடியாது, மந்திரம் மருந்து வைத்துத்தான் மயக்கியிருக்க வேண்டும் என்று தகப்பன் பிராது செய்கிறான். செனட் அங்கத்தினராக இருந்தும் இவ்வளவுதான் அறிவு! சபையார் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவள் வந்து, சபை நடுவில், நான் என் இஷ்டப்படி இவரையே புருஷனாகக் கொண்டேன், இவருடன்தான் போவேன் என்று சொல்லிவிடுகிறாள். மந்திரமாவது, மாயமாவது என்று விஷயம் தீர்ந்து போகிறது. இந்த வாக்குமூலம் கொடுக்கப்பட்டபோது ரோடரிகோ எங்கேயிருந்தான்? அதே சபையில், பிரபான்ஷியோவோடு வந்து, நின்றுகொண்டிருந்தான். யாரோ சொல்லக் கேட்டதல்ல, கடிதத்தில் படித்ததல்ல, அவள் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டான். இதைவிட வேறு என்ன சாட்சி ஒருவனுக்கு வேண்டும்?

கேட்டபிறகு அவன் சொல்லுவது, நான் போய்த் தண்ணீரில் விழுந்து சாகிறேன் என்பது. இவ்வளவு பைத்தியமாயிருப்பது எனக்கு வெட்கமாகத்தானிருக்கிறது, ஆனாலும் திருத்திக்கொள்ள என் சுபாவத்தில் சக்தியில்லை என்கிறான்.

தோழர்களே! இந்த இடத்தில் நீங்கள் சற்று நிதானமாய்க் கேட்கவேண்டும். இதற்கு இயாகோ என்ன பதில் சொல்லுகிறான்? தலைவிதி என்கிறானா? கிரகக்கோளாறு என்கிறானா? பரிகாரம் செய் என்கிறானா? ஒன்றுமில்லை. சுபாவமாவது மண்ணாங்கட்டியாவது, நாம் இப்படியிருப்பதும் அப்படியிருப்பதும் நம்மால்தான் என்கிறான். உடம்பு ஒரு தோட்டம், மனவுறுதியே தோட்டக்காரன். எதை விதைப்பது, எதைப் பிடுங்குவது என்பது நம் கையில் இருக்கிறது. அறிவு என்கின்ற எடைக்கல் ஒரு தட்டில் இல்லாவிட்டால் ஆசை நம்மை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறான். காதல் காதல் என்று நீ சொல்லுவதெல்லாம் உடலிச்சைதான் என்றும் உடைத்துச் சொல்லிவிடுகிறான். இதை அவன் நம்முடைய மேடையில் ஏறிச் சொன்னால் நாமே கைதட்டிவிடுவோம். நாடகம் முழுவதிலும் பகுத்தறிவுப் பேச்சு என்று சொல்லத்தக்க பேச்சு இதுதான். அதைப் பேசுகிறவன் நாடகத்திலேயே பெரிய அயோக்கியன்.

ஆனால் அந்த அருமையான பேச்சிலிருந்து அவன் என்ன முடிவுக்கு வருகிறான் என்று பாருங்கள். உன் மனது உன் கையில் இருக்கிறது என்றால், அதிலிருந்து வரவேண்டிய முடிவு என்ன? ஆகையால் அந்தப் பெண்ணை மறந்துவிடு, வீட்டுக்குப் போ, உன் நிலத்தைப் பார் என்பதல்லவா? இயாகோ சொல்லும் முடிவோ, ஆகையால் பணத்தைத் திரட்டிக்கொண்டு என் பின்னாலே சைப்ரஸுக்குப் புறப்படு என்பது. பணம் சேர்த்துக்கொள், பணம் சேர்த்துக்கொள் என்று அந்த ஒரு பேச்சுக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லுகிறான், கோவில் மணி அடிக்கிறதுபோல. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவில் பாலமே கிடையாது. ஆனால் முன்பாதி அவ்வளவு நன்றாயிருந்ததினால் பின்பாதியும் அறிவாகத்தான் இருக்கும் என்று ரோடரிகோ எடுத்துக்கொண்டான். சாகிறேன் என்று வந்தவன், நிலத்தையெல்லாம் விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு உற்சாகமாகப் போகிறான். அவன் தலை மறைந்ததும் இயாகோ நம்மைப் பார்த்து, தன் முட்டாள்களையே தன் பணப்பையாக வைத்துக்கொள்ளுவது தன் வழக்கம் என்றும், வேடிக்கையும் லாபமும் இல்லாவிட்டால் இப்படிப்பட்டவனோடு தான் பொழுதைக் கழிப்பானா என்றும் சொல்லுகிறான். இயாகோவின் கெடுதலுக்குக் காரணமே கிடையாது, காரணத்தை அவன் பின்னால் தேடிக்கொள்ளுகிறான் என்று கோல்ரிட்ஜ் என்கின்ற பெரிய ஆங்கிலப் புலவர் எழுதிவைத்திருக்கிறார். ஒதெல்லோ விஷயத்தில் அது எப்படியோ. ரோடரிகோ விஷயத்தில் காரணம் சில்லறையாகவும் நகையாகவும் எண்ணிப் பார்க்கக்கூடியதாகவே இருக்கிறது.

நிற்க, இந்தப் பயலுக்கு நம்பிக்கை கொடுத்தது எது? அவள் தன் வாயால் சொன்னதைக் கேட்டபிறகும், அவள் தனக்குக் கிடைப்பாள் என்று நம்புவதற்கு ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டுமல்லவா? அந்தப் பிடிப்பு ஜாதித்திமிர்தான். வெள்ளைத் தோலும், குடும்பமும், சொத்தும் உள்ள வெனிஸ் பெண் ஒரு கருப்பனோடு எத்தனை நாள் இருப்பாள், சீக்கிரம் அலுத்துப்போய்த் தன் இனத்தைத் தேடி வருவாள் என்று இயாகோ சொல்லுகிறான். ரோடரிகோவும் முதல் காட்சியிலேயே ஒதெல்லோவின் உதட்டைப் பற்றி இழிவாகப் பேசினவன்தான். ஆகையால் அவன் மனதில் ஏற்கெனவே கிடந்த குப்பைக்குத்தான் இயாகோ தீ வைத்தான். பிறப்பினால் எனக்குச் சேரவேண்டியது இடையில் ஒரு அன்னியனிடம் போய்விட்டது, அது திரும்பி வந்துதான் தீரவேண்டும் என்கின்ற எண்ணம் ஒருவனுக்கு இருந்தால், அவனை ஏமாற்றுவதற்குத் தனியாகப் பொய் ஒன்றும் தயாரிக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு மனது இருக்கிறது, அது ஒரு முடிவு செய்துவிட்டது என்பது இந்த இரண்டு பேருக்கும் கணக்கிலேயே வரவில்லை. தகப்பன் மந்திரம் என்றான். இவர்கள் அலுப்பு வரும் என்றார்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டவர்கள் செனட் சபையார் மாத்திரம்தான்.

சைப்ரஸுக்கு வந்ததும் அடுத்த வசூலுக்கு அடுத்த கதை வேண்டும். டெஸ்டிமோனா காஸியோ மேல் ஆசை வைத்துவிட்டாள் என்கிறான் இயாகோ. இதற்கு ரோடரிகோ சொன்ன பதிலைக் கவனிக்கவேண்டும். அது நடக்கக்கூடியதல்ல, அவள் மிகவும் நல்ல குணமுள்ளவள் என்கிறான். அவள் காஸியோவின் கையைத் தடவியதை நீ பார்க்கவில்லையா என்று கேட்டால், பார்த்தேன், அது வெறும் மரியாதை என்கிறான். இரண்டும் சுத்த உண்மை! சேனாதிபதி ஒதெல்லோவுக்கு எந்த அறிவு வேண்டியிருந்ததோ, அந்த அறிவு இந்தக் கோமாளிக்கு இருந்தது. நாடகத்தில் டெஸ்டிமோனாவைப் பற்றி இயாகோவுக்கு நேராகச் சரியான பதில் சொன்னவன் இவன். ஆனால் சொல்லிவிட்டு அதை விட்டுவிட்டான். இயாகோ இன்னும் நாலு வார்த்தை வேகமாகப் பேசினவுடனே, சரி, காஸியோவைச் சண்டைக்கு இழுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். ஆகவே அவனை முட்டாள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அவனுக்கு உண்மை தெரிந்தது. தெரிந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏனெனில் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டால், அவள் தனக்கும் கிடைக்கமாட்டாள் என்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். காஸியோவுக்கு இணங்குகிறவள் என்றால்தானே தனக்கும் இணங்குவாள்? தன் ஆசைக்கு வேண்டியிருந்தபடியால் அவள் கெட்டவள் என்பதை நம்பினான்.

அன்று ராத்திரி குடிவெறியிலிருந்த காஸியோ இவனை நன்றாய் உதைத்துவிடுகிறான். அந்தக் கலவரத்தில் காஸியோவின் உத்தியோகம் போய்விடுகிறது. உதைபட்ட ரோடரிகோ மறுபடியும் இயாகோவிடம் வந்து, பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, அடியும் வேண்டியமட்டும் வாங்கிவிட்டேன், இனி வெறுங்கையோடும் கொஞ்சம் புத்தியோடும் ஊருக்குப் போகவேண்டியதுதான் என்கிறான். பாருங்கள், இதுவும் சரியான கணக்கு! இதற்கு இயாகோ கொடுக்கும் பதில் பொறுமை உபதேசம். எந்தக் காயமும் படிப்படியாகத்தான் ஆறும், நாம் அறிவினால் வேலை செய்கிறோமே தவிர மந்திரத்தினால் அல்ல, அறிவுக்குக் கால அவகாசம் வேண்டும் என்கிறான். மந்திரம் இல்லை, அறிவுதான் என்று இங்கேயும் அதே வேஷம். நீ பட்ட அடி வீண்போகவில்லை, அதனால் காஸியோ ஒழிந்தான் அல்லவா என்று ஆறுதலும் சொல்லுகிறான். காஸியோ ஒழிந்ததினால் லாபம் இயாகோவுக்கு; அடி ரோடரிகோவுக்கு. போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறான்.

பிறகு வெகுநேரம் ரோடரிகோவைக் காணோம். மூன்றாவது அங்கம் முழுவதும் ஒதெல்லோ அங்கம். நாலாவது அங்கத்தில் திரும்ப வருகிறான். இந்த முறை அழுகையோடு வரவில்லை, கணக்கோடு வருகிறான். தினம் ஒரு சாக்குச் சொல்லி என்னைத் தள்ளிவிடுகிறாய்; டெஸ்டிமோனாவுக்குக் கொடுப்பதற்காக என்னிடம் நீ வாங்கிப்போன நகைகள், துறவு பூண்ட பெண்ணின் மனதைக்கூடப் பாதி கலைத்திருக்கும்; அவள் வாங்கிக்கொண்டாள், நல்ல வார்த்தை சொல்லியனுப்பினாள் என்றெல்லாம் சொன்னாய்; நான் கண்டது ஒன்றுமில்லை என்று கேட்கிறான். கடைசியாக ஒரு வார்த்தை சொல்லுகிறான், அதுதான் முக்கியமான வார்த்தை. நானே நேரில் டெஸ்டிமோனாவிடம் போகிறேன், நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் ஆசையை விட்டுவிடுகிறேன், கொடுக்காவிட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்கிறான்.

இந்த நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். ரோடரிகோ டெஸ்டிமோனாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நிலத்தை விற்றான், கடல் தாண்டி வந்தான், அடிபட்டான், நகையெல்லாம் கொடுத்தான். ஆனால் யாருக்காக இவ்வளவும் செய்தானோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காணிக்கை எல்லாம் தரகன் கையில். அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நல்வாக்கும் தரகன் வாயில். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லை. இதைக் கேட்கும்போது உங்களுக்கு யார் யார் ஞாபகம் வருகிறார்களோ, அது அவரவர் பாடு. நான் நாடகத்தை மாத்திரமே சொல்லுகிறேன். நேரில் போகிறேன் என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் இயாகோவின் வியாபாரம் முழுவதும் ஆடிப்போய்விட்டது. ஏனெனில் அவன் வியாபாரத்துக்கு மூலதனம் பணமல்ல. இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமலிருப்பதே மூலதனம்.

அவன் மறுக்கிறானா? சாதிக்கிறானா? இல்லை. உன்னிடம் ஆண்மை இருக்கிறதென்று இன்றுதான் கண்டேன், கையைக் கொடு என்று புகழ்கிறான்! நீ என்மேல் சந்தேகப்பட்டது நியாயமே என்று ஒப்புக்கொள்ளுகிறான். ஏமாற்றப்பட்டவனுக்குக் கோபம் வந்திருக்கும்போது அந்தக் கோபத்தையே பாராட்டிவிட்டால், அது அப்புறம் பாராட்டினவன் மேல் பாயாது என்று அவனுக்குத் தெரியும். உடனே ஒரு மெய்யையும் ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டுகிறான். ஒதெல்லோ ஸ்தானத்தில் காஸியோவை நியமித்து வெனிஸிலிருந்து உத்தரவு வந்திருப்பது மெய். ஒதெல்லோ டெஸ்டிமோனாவை அழைத்துக்கொண்டு மாரிட்டேனியா தேசத்துக்குப் போகப்போகிறான் என்பது பொய். அவர்கள் போகாமலிருக்க வேண்டுமானால் காஸியோவை ஒழிக்கவேண்டும், ராத்திரி பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் வருவான், நீ அடி, நான் பின்னால் நிற்கிறேன் என்கிறான். நகைக்குக் கணக்குக் கேட்க வந்தவன் கொலைக்கு ஒப்புக்கொண்டு போகிறான். எனக்கு இன்னும் காரணம் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்கிறான். சொல்லுகிறேன் என்கிறான் இயாகோ. அந்தக் காரணம் என்ன என்று நமக்கு நாடகத்தில் சொல்லப்படவேயில்லை.

அன்று இருட்டில் கத்தியை வைத்துக்கொண்டு நிற்கும்போது ரோடரிகோ தனக்குள் சொல்லிக்கொள்ளுவதைக் கேட்டால், அவனுக்காக அதுவரை பட்ட பரிதாபம் பாதி போய்விடும். இந்தக் காரியத்தில் எனக்குப் பெரிய மனமில்லை, ஆனாலும் அவன் திருப்தியான காரணங்கள் சொல்லியிருக்கிறான், போனால் ஒரு ஆள்தானே போகிறான் என்கிறான்! தனக்கு ஒரு கெடுதியும் செய்யாத, குடிவெறியில் அடித்ததைத் தவிர வேறு குற்றமில்லாத ஒருவனுடைய உயிரைப் பற்றி இவ்வளவுதான் பேச்சு. ஏமாளி பாவம், அவனால் யாருக்கும் தீங்கில்லை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும். பிறர் மனைவியை நகை கொடுத்து வாங்கிவிடலாம் என்று புறப்பட்டவன் இவன். ஏமாற்றுகிறவன் கையில் முதலில் பையாக இருந்தான். பை காலியானதும் கத்தியாக ஆனான். ஷேக்ஸ்பியரே "பன்னிரண்டாம் இரவு" என்ற இன்னொரு நாடகத்தில் இதே மாதிரி ஒரு ஜோடியை வைத்திருக்கிறார். அங்கே சர் டோபி என்கின்ற குடிகாரன், தன் உறவுக்காரப் பெண்ணைக் கட்டிவைப்பதாக ஆசைகாட்டி, சர் ஆண்ட்ரூ என்கின்ற அசட்டுப் பணக்காரனிடம் ஏறக்குறைய இரண்டாயிரம் கறந்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொள்ளுகிறான். அது சிரிப்பு நாடகம், ஆகையால் மண்டை உடைவதோடு முடிந்துவிட்டது.

இங்கே அப்படி முடியவில்லை. மறைந்து நின்ற இயாகோ கணக்குப் போடுகிறான். ரோடரிகோ காஸியோவைக் கொன்றாலும், காஸியோ ரோடரிகோவைக் கொன்றாலும், இரண்டு பேரும் செத்தாலும் தனக்கு லாபம். ரோடரிகோ உயிரோடிருந்தால் நகைக்கும் பொன்னுக்கும் பதில் சொல்லவேண்டி வரும் என்கிறான். ரோடரிகோவின் குத்து காஸியோவின் சட்டையில் பட்டு வீணாகிறது. காஸியோ திருப்பிக் குத்த, ரோடரிகோ விழுகிறான். இயாகோ பின்னாலிருந்து காஸியோவின் காலில் வெட்டிவிட்டு ஓடிப்போய், பிறகு கையில் விளக்கோடு, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன் போல் வருகிறான். வந்து, கொலைகாரன் எங்கே என்று கேட்டுக்கொண்டே, விழுந்து கிடக்கிற ரோடரிகோவைக் குத்துகிறான். அப்போதுதான், அந்தக் கடைசி நிமிஷத்தில்தான், ரோடரிகோ அவனை அவனுடைய உண்மைப் பெயரால் கூப்பிட்டு நாயே என்று திட்டுகிறான். அப்புறம் மற்றவர்கள் வந்து விளக்குப் பிடித்துப் பார்க்கும்போது, ஐயோ, இது என் ஊர்க்காரன், என் சிநேகிதன் ரோடரிகோ அல்லவா என்று இயாகோ அழுகிறான். தெருவில் கத்தியை உருவிப் பொய்ச்சண்டை போட்ட முதல் ராத்திரியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே சமயத்தில் பெரிய கதையில் ஒதெல்லோ டெஸ்டிமோனாவைக் கொல்லப் போகிறான். அவனும் ரோடரிகோ போலவே நடுவில் ஒருதரம் சரியான கேள்வி கேட்டவன்தான். கண்ணால் காணும்படியான ருசு கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று இயாகோவின் கழுத்தைப் பிடித்தவன். அவனுக்குக் கிடைத்த ருசு ஒரு கைக்குட்டை. மனைவியைக் கேட்டான், இயாகோவின் மனைவி எமிலியாவைக் கேட்டான். இருவரும் இல்லை என்றார்கள், நம்பவில்லை. காஸியோவை மாத்திரம் கேட்கவேயில்லை. எல்லாம் முடிந்தபிறகு, டெஸ்டிமோனா பிணமாய்க் கிடக்கும் அறையில் வைத்து, அந்தக் கைக்குட்டை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று காஸியோவைக் கேட்கிறான். என் அறையில் கிடந்தது என்கிறான் காஸியோ. இவ்வளவுதான் கேள்வி, இவ்வளவுதான் பதில். முன்னாலேயே எமிலியா, அந்தக் கைக்குட்டையை எடுத்து இயாகோவிடம் கொடுத்தது தான்தான் என்று சபையறியச் சொல்லி, அதற்காகப் புருஷன் கையாலேயே குத்துப்பட்டு உயிரை விட்டுவிட்டாள். இந்த நாடகத்தில் பயப்படாமல் வாய் திறந்து உண்மை பேசினவள் அந்த வேலைக்காரி ஒருத்திதான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இன்னொரு சாட்சியும் இருந்தது; அது ரோடரிகோவின் சட்டைப்பையில். அவன் செத்தபிறகு பார்த்தால் உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்று காஸியோவைக் கொல்ல வேண்டியதைப் பற்றியது. மற்றொன்று இயாகோவுக்கு அனுப்புவதற்காக ரோடரிகோ எழுதிவைத்த பிராது. நீ சொல்லித்தானே காஸியோவை வம்புக்கிழுத்து அடிபட்டேன் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதியது. அனுப்புவதற்குள் இயாகோ நேரில் வந்து பேசிச் சமாதானப்படுத்திவிட்டான் போலும் என்று அங்கிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதோடு, செத்துவிட்டான் என்று நினைத்த ரோடரிகோ சாகுமுன் வாய் திறந்து, தூண்டிவிட்டவன் இயாகோ, குத்தினவனும் இயாகோ என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் காஸியோ சொல்லுகிறான். ஒதெல்லோ தன்னைக் குத்திக்கொள்ளுகிறான். இயாகோவைச் சித்திரவதை செய்யும் பொறுப்பு காஸியோவிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒதெல்லோவின் வீடும் சொத்தும் டெஸ்டிமோனாவின் சிற்றப்பனைச் சேரவேண்டியது என்று வெனிஸிலிருந்து வந்த அதிகாரி அங்கேயே தீர்த்துச் சொல்லிவிடுகிறான். நாடகம் அத்தோடு முடிகிறது. ரோடரிகோ விற்ற நிலத்தைப் பற்றியோ, இயாகோவிடம் போன நகைகளைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.